ரெண்டு ஸ்டாப் கூடுதல்

உப்பளத்து வரப்பில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிற ஆண்களைப் பற்றி சூர்யகலாவுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அது நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, கயிற்றின் மேல் நடப்பவனைப் போலத் தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்த புருஷோத்தமனைப் பார்த்தபோது, அவள் அந்த அபிப்பிராயத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்தாள். அவன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன். அநேகமாக.

அவன் கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. அவனைவிட இருபது வயது மூத்த பிலிம் கேமரா. ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் அவன் முதலில் அதைத்தான் பிடித்தான், அப்புறம்தான் தன்னை.

"விழுந்தாருன்னா சட்டை போட்ட உப்புமூட்டை மாதிரி விழுவாரு" என்றாள் பக்கத்தில் குடையோடு நின்ற அண்ணி தையல்நாயகி.

"சும்மா இருங்க அண்ணி. கேக்கப்போகுது."

"கேட்டா என்ன? நாளைக்கு இங்கதானே வந்து நிக்கணும்."

அதுதான் விஷயம். இந்தச் சம்பந்தத்தை சூர்யகலா மனசார விரும்பியதற்கே காரணம், கல்யாணத்துக்குப் பிறகும் அவள் இங்கே வந்து நிற்கலாம் என்பதுதான். அண்ணன் துபாய்க்குப் போனதிலிருந்து, ஐந்து வருஷமாக, அப்பா பஞ்சநாதனோடு சேர்ந்து உப்பளத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். பாண்டிச்சேரியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்து, எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது வாருவது என்று முடிவு செய்கிற வேலை. இதற்கு முன் வந்த மூன்று வரன்களும் சென்னை, ஓசூர், சிங்கப்பூர். மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "இனிமே உப்பளம்லாம் எதுக்கு?"

புருஷோத்தமன் அப்படிச் சொல்லவில்லை. பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, பொம்மையார்பாளையத்தில் சொந்த வீடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரில் நாற்பது நிமிஷம். முதல் போன் பேச்சிலேயே, "கல்யாணத்துக்கு அப்புறமும் போங்க கலா. யாரு வேணாம்னு சொன்னது?" என்று கேட்டான். அன்று அவள் உப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினாள். அவன் 'ம்' கொட்டிக்கொண்டே கேட்டான். போனை வைத்தபோது காது சூடாகியிருந்தது, மனசும்தான்.

ஒரே ஒரு பாக்கி. அவன் அம்மா சாமுண்டீஸ்வரி அம்மாள் பெண்ணை இன்னும் பார்க்கவில்லை. முழங்காலில் ஆபரேஷன். அதனால் பெண் பார்க்க அப்பா தட்சணாமூர்த்தியும் ஓர் அத்தையும்தான் வந்து, "பொண்ணு லட்சணமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததை வைத்தே சாமுண்டீஸ்வரி அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போனில் எடுத்த படம் அனுப்பியபோது அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"போன்ல எடுத்தா பன்னிக்குட்டி கூட பால் மாதிரி தெரியுது. நீ உன் கேமராவுல எடுத்துட்டு வா. அதுல தெரிஞ்சிடும்."

இதை அவன் சிரித்துக்கொண்டே சூர்யகலாவிடம் சொன்னான். சிரிக்க வேண்டிய விஷயம் என்றுதான் அவனும் நினைத்திருந்தான்.

சூர்யகலா கருப்பு. மாநிறம் என்று சொல்லி ஒப்பேற்றுகிற கருப்பு இல்லை. அவள் அம்மா உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நிறத்தில் நடமாடினார்கள், இப்போது ஒருத்தி. கண்ணாடி முன்னால் நின்று அவள் இதற்காக ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. நேரம் இருந்ததில்லை என்பது ஒரு காரணம். பார்க்க நன்றாகத்தான் இருந்தாள் என்பது இன்னொரு காரணம்.

"அந்த அம்பாரத்துக்கு முன்னாடி நில்லுங்க கலா. பின்னாடி ஃபுல்லா ஒயிட். செமயா இருக்கும்" என்றான் புருஷோத்தமன்.

ஆள் உயரத்துக்குக் குவித்திருந்த உப்புக்கு முன்னால் அவள் போய் நின்றாள். அவன் கேமராவைக் கண்ணில் வைத்து, ஏதோ வளையத்தைத் திருகி, மறுபடி திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் மூஞ்சிய பாக்கறீங்களா, வேற எதையாவது பாக்கறீங்களா?"

"லைட் மீட்டர் பாக்குறேன். உள்ள ஒரு முள்ளு இருக்குது. அது நடுவுல நின்னாதான் வெளிச்சம் கரெக்ட்டுன்னு அர்த்தம். இது பொய் சொல்லாதுங்க."

"ஏங்க, போன்ல எடுத்தா உடனே பாத்துக்கலாமில்ல?" என்றாள் அண்ணி.

"பிலிம்ல வெயிட் பண்ணணுங்க. அதுதான் அதோட அழகே."

"எங்க வீட்ல தெனம் பால்காரருக்கு வெயிட் பண்றோம். அதுல ஒரு அழகையும் காணோமே."

முப்பத்தாறு படம். முப்பத்தாறு தடவையும் முள்ளைப் பார்த்தான். அவள் முகத்தை நாலு தடவை பார்த்திருப்பான். அவள் எண்ணினாள்.

பத்து நாள் கழித்து, பெண் பார்க்க வந்த அதே அத்தை அண்ணிக்குப் போன் செய்தாள். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க வந்தப்ப வீட்ல லைட்டு நெறைய போட்டிருந்தீங்களா?"

"பட்டப்பகல்லதாங்க வந்தீங்க. கரண்ட்டே இல்ல."

"இல்ல... போட்டோல பொண்ணு நிக்கிற எடத்துல ஒரு ஓட்டை மாதிரிதான் இருக்குது. எங்க அண்ணி பாத்துட்டு ரெண்டு நாளா சாப்பிடல. ஓட்டைக்கு யாராச்சும் தாலி கட்டுவாங்களான்னு கேக்குறாங்க."

தையல்நாயகி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "உங்க அண்ணிக்கு ஆபரேஷன் காலுலயா கண்ணுலயா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புருஷோத்தமன் ஒரு கவரோடு வந்து நின்றான். இந்தத் தடவை செருப்பு. நேராக உப்பளத்துக்கே வந்தான். வாய்க்கால் ஓரத்துச் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து சூர்யகலா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கருப்பு வெள்ளைப் படங்கள். வெள்ளை என்பது பேருக்குத்தான். வானம் புகை பிடித்த சுவர் மாதிரி இருந்தது. நடுவில் சேலை கட்டிய ஒரு நிழல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூக்குத்தி மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

அவளுக்கு அதெல்லாம் இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது வேறு.

"இது எங்க உப்பா?"

"ஆமா கலா."

"சாம்பல் மாதிரி இருக்குது!"

பின்னால் வந்து எட்டிப் பார்த்த பஞ்சநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்த உப்பை மாட்டுத்தோல் பதப்படுத்தறவன்கூட வாங்க மாட்டான் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

"ஸாரி கலா. மீட்டர் ஏமாத்திடுச்சு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க இவ்ளோ கருப்பு இல்லன்னு."

"எவ்ளோ?"

அவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். ஒரு மனிதன் தன் வாயைத் தானே இவ்வளவு வேகமாக மூடி அவள் பார்த்ததில்லை.

ஏளனம் வந்தது. ஆனால் சரிசெய்துவிடலாம் என்கிற ஏளனம்தான் அது. தூரத்து மாமாக்களிடமும் வேலைக்கு வருகிற ஆட்களிடமும் அவளுக்கு வழக்கமாக வருவது. இரண்டு மணி நேரம் 'ம்' கொட்டிய குரல் இன்னும் காதில் இருந்தது. அதனால் எழுந்து போகாமல் கேட்டாள்.

"கழுத்துல மாட்டியிருக்கீங்களே, இதை எப்பவாவது நல்ல தண்ணில போட்டுப் பாத்திருக்கீங்களா?"

அவன் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "தண்ணிலயா?"

"ஐயோ, இதை இல்லங்க." அவள் சிரித்துவிட்டாள். ஷெட்டுக்குள் போய் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துவந்தாள். அடியில் குண்டு, மேலே மெல்லிய காம்பு, காம்பு நெடுக எண்கள். "உப்புத்தண்ணி எவ்ளோ கெட்டியா இருக்குதுன்னு பாக்குறது இதுலதான். மிதக்க விட்டா எண் காட்டும். இருபத்தஞ்சு கிட்ட வந்தாதான் உப்பு எறங்கும். ஒவ்வொரு சீசனும் எடுத்த உடனே குடிதண்ணில போட்டுப் பாப்போம். சைபர் காட்டணும். ஒண்ணு காட்டுச்சுன்னா, வருஷம் பூரா ஒண்ணைக் கழிச்சுக்கணும். ஒரு வருஷம் அப்பா பாக்காம விட்டு மூணு பாத்தி வீணாப்போச்சு. அளக்குற சாமான் எதுவா இருந்தாலும், விடை தெரிஞ்ச ஒண்ணை முதல்ல குடுத்துக் கேக்கணும். உங்க முள்ளுக்கு விடை தெரிஞ்சது எது?"

அவன் யோசித்தான். யோசிக்கும்போது அவன் முகம் நன்றாகத்தான் இருந்தது. பையிலிருந்து ஒரு பிலிம் அட்டைப்பெட்டியை எடுத்துப் பிரித்தான். உள்பக்கம் சின்னச் சின்னப் படங்கள்: மேகம், பாதி மேகம், முழுச் சூரியன். ஒவ்வொன்றின் கீழும் எண்கள்.

"மேகமே இல்லாத உச்சி வெயில்ல, இந்த பிலிமுக்கு, ஷட்டர் நூத்தி இருபத்தஞ்சு, லென்ஸ் பதினாறு. எண் ஏறினா உள்ள போற வெளிச்சம் குறையும். இது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

"இப்ப மணி பன்னெண்டு. மேகம் இருக்குதா?"

சித்திரை மாசத்து மரக்காணத்து வானத்தில் மேகம் எங்கிருந்து வரும்? அவன் கேமராவைச் சிமெண்ட் கட்டையின் மேல் காட்டினான். ஷட்டரை நூற்றி இருபத்தைந்தில் வைத்தான். முள் நடுவில் நிற்க, லென்ஸ் வளையத்தை இருபத்திரண்டு வரை திருக வேண்டியிருந்தது.

"பதினாறுதானே வரணும்?"

"ஒரு ஸ்டாப் தப்பு." அவன் குரல் இறங்கியது. "ஒரு ஸ்டாப்னா டபுள். வெளிச்சம் இருக்கறதைவிட ரெண்டு மடங்கு இருக்குதுன்னு சொல்லுது. அதை நம்பி நான் பாதி வெளிச்சம்தான் உள்ள விட்டிருக்கேன்." பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "பேட்டரி! இதுக்குன்னு இருந்த பேட்டரி இப்ப யாரும் செய்றதில்ல. கடையில அளவு சரியா இருக்குதுன்னு வேற ஒண்ணு குடுத்தாங்க. இதுல கரண்ட்டு கொஞ்சம் ஜாஸ்தி."

"எப்ப மாத்தினீங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப ரெண்டு வருஷமா உள்ள முள்ளு குடிச்சிட்டு ஆடுது. நீங்க அதைக் கும்பிட்டுட்டு நிக்கிறீங்க."

"சரி, திட்டுங்க. உப்பையும் பாத்துடலாம்." அவன் கேமராவை அம்பாரத்தின் பக்கம் திருப்பினான். முள் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. ஷட்டரை ஐந்நூறுக்குக் கொண்டுபோன பிறகுதான் கீழே இறங்கியது. "இதுக்கு உப்புன்னா என்னன்னு தெரியாது கலா. எதைக் காட்டினாலும் சிமெண்ட் கலர்னுதான் நினைச்சுக்கும். வெள்ளையைக் காட்டினா, ஐயோ இவ்ளோ வெளிச்சமான்னு பயந்து குறைச்சிடும். உப்பால ஒரு ரெண்டு ஸ்டாப். பேட்டரியால ஒண்ணு. மொத்தம் மூணு கூட்டி வெச்சிருக்கணும்."

"இது உப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் தெரியாததுகிட்ட போய் எதுக்குக் கேட்டீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். தப்பை ஒத்துக்கொண்டு சிரிக்கிற ஆம்பிளை அவள் வட்டாரத்தில் அபூர்வம். அண்ணன்கூட ஒத்துக்கொள்வான், சிரிக்க மாட்டான். சூர்யகலா கவரை ஓரமாக வைத்துவிட்டு, சேலைக் கொசுவத்தைத் தட்டி விட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே அம்பாரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னொரு ரோல் இருக்குதா?"

இருந்தது. இந்தத் தடவை அவன் முள்ளைப் பார்க்கவே இல்லை. "பேட்டரிக்கு ஒண்ணு, உப்புக்கு ரெண்டு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஷட்டரைத் திருகினான். அப்புறம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். முழுசாக. அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டபோது, லென்ஸ் வளையத்தில் இன்னும் இரண்டு முறை 'டிக், டிக்' என்று கேட்டது. கேமராக்காரருக்கு ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

எட்டாவது நாள் சாமுண்டீஸ்வரி அம்மாளே போன் செய்தாள். குரலில் தேன். "படத்தைப் பாத்தேம்மா. மகாலட்சுமி மாதிரி இருக்குற. மொதல்ல எடுத்தது மெஷின் கோளாறாம், அவன் சொல்லிட்டான். வர்ற புதன்கிழமை நாள் நல்லா இருக்குது. வீட்டைப் பாக்க வாங்க."

"நீங்க படத்தை எனக்கு அனுப்பவே இல்லையே?" என்று சூர்யகலா புருஷோத்தமனைக் கேட்டாள்.

"நேர்ல வந்து பாரு. சர்ப்ரைஸ்" என்றான். 'ங்க' போய்விட்டிருந்தது. அதுவும் அவளுக்குப் பிடித்தது.

புதன்கிழமை பஞ்சநாதன், தையல்நாயகி, சூர்யகலா மூன்று பேரும் வாடகைக் காரில் பொம்மையார்பாளையம் போனார்கள். தட்டில் பழம், பூ, ஸ்வீட். தட்சணாமூர்த்தி வாசலுக்கு வந்து கும்பிட்டு உள்ளே அழைத்துப்போனார். புருஷோத்தமன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான்.

ஹாலில் டிவிக்கு மேலே அந்தப் படம் மாட்டியிருந்தது. பெரிய ஃபிரேம்.

முதலில் சூர்யகலாவுக்கு அது யாரென்றே தெரியவில்லை. உப்பு, வானம், சேலை எல்லாம் ஒன்றோடு ஒன்று கரைந்து ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவில் மைதா மாவில் பிசைந்து வைத்தது போல ஒரு முகம். இரண்டு கண், இரண்டு புருவம், ஒரு வாய். மூக்கு இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. மூக்குத்தி போன இடம் தெரியவில்லை.

"உனக்குத் தெரியாம உங்க அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்குது போல" என்று அண்ணி காதோடு சொன்னாள். சிரிப்பு வரவில்லை. அண்ணிக்கே வரவில்லை.

அப்போது சாமுண்டீஸ்வரி அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். முகம் நிறைய மலர்ச்சி. நேராக வந்து தையல்நாயகியின் தாடையைப் பிடித்து, "வாம்மா, வா. படத்துல பாத்ததைவிட கொஞ்சம் பூசினாப்புல இருக்குற. அதுதான் அழகு" என்றாள்.

"நான் அண்ணிங்க" என்றாள் தையல்நாயகி. "எனக்கு ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பையன் இருக்கறான்."

அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. கண்கள் மெதுவாக நகர்ந்து சூர்யகலாவிடம் வந்தன. அங்கிருந்து சுவருக்குப் போயின. சுவரிலிருந்து திரும்பி வந்தன.

"வெயில்ல நடந்து வந்தீங்களாம்மா?"

"கார்லதாங்க வந்தோம். ஏசி கார்" என்றாள் சூர்யகலா.

இந்த வீட்டில் அவளை ஏற்கெனவே நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், தட்சணாமூர்த்தி, டீப்பாயின் மேல் கிடந்த பேப்பரை எடுத்து ஒழுங்காக மடித்துக்கொண்டிருந்தார். அதைவிட அவசரமான வேலை உலகத்தில் இல்லாதவரைப் போல மடித்தார். இன்னொருவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமுண்டீஸ்வரி அம்மாள்தான் சுதாரித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, தடியைச் சாய்த்து வைத்து, பெரிய மனசு பண்ணுகிறவள் போல ஒரு மூச்சு விட்டாள்.

"பரவால்ல. உப்பு வெயில்ல நின்னு நின்னு இப்படி ஆயிட்டிருக்குது. பொண்ணோட தப்பு இல்ல. இன்னிலேருந்து அந்தப் பக்கமே போகாம வீட்டோட இருந்தா ரெண்டு மாசத்துல பழைய கலர் வந்துடும்." விரல் சுவரைக் காட்டியது. "கல்யாணத்துக்கு அப்புறமும் அங்கல்லாம் வேணாம்மா. சம்பாரிக்க என் புள்ள இருக்கறான்."

சூர்யகலா புருஷோத்தமனைப் பார்த்தாள். இப்போது சொல்வான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் போதும். அவள் காத்திருந்தாள்.

"ரெண்டு மாசம்தானே கலா" என்றான் அவன். "அப்புறம் பாத்துக்கலாம்."

காதில் இருந்த அந்தக் குரல் அங்கேயே அடங்கியது. இரண்டு மணி நேரம் 'ம்' கொட்டியவனும் இவன்தானா என்று ஒரு கணம் மலைப்பாக இருந்தது. 'ம்' கொட்டுவதற்கு என்ன செலவு? யாருக்கு வேண்டுமானாலும் கொட்டலாம். இவன் அம்மாவுக்கும் கொட்டியிருப்பான்.

"அது பழைய கலர் இல்லங்க" என்றாள் அந்த அம்மாளைப் பார்த்து, நிதானமாக. "அந்தப் படம் எடுத்து இன்னும் ரெண்டு வாரம்கூட ஆகல." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "எத்தனை ஸ்டாப் வெச்சீங்க?"

"கலா, இப்ப எதுக்கு அது..."

"சொல்லுங்க. உங்களுக்குப் பிடிச்ச சப்ஜெக்ட்தானே."

"...அஞ்சு."

"தேவை மூணு. நீங்கதான் கணக்கு போட்டீங்க. பேட்டரிக்கு ஒண்ணு, உப்புக்கு ரெண்டு. மிச்சம் ரெண்டு எதுக்கு?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தாள்.

"சேஃப்டிக்குத்தான்... பிலிம்ல கொஞ்சம் கூட வெச்சா நல்லதுன்னு..."

"கூட வெச்சாலும் நெகட்டிவ்ல எல்லாம் இருக்கும், பிரிண்ட் போடறப்ப சரி பண்ணிக்கலாம்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க. பிரிண்ட் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப ரெண்டு தடவை வெளுத்திருக்கீங்க. எடுக்கறப்ப ஒரு தடவை, போடறப்ப ஒரு தடவை." அவள் குரல் உயரவே இல்லை. "மொதல் ரோல்ல தப்பு பண்ணது முள்ளு. அதுக்கு உப்பும் தெரியாது, என்னையும் தெரியாது. நீங்க என் மூஞ்சிய முழுசா பாத்துட்டு இதைப் பண்ணீங்க. அந்த முள்ளே தேவலைங்க."

"என்னடா சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றாள் சாமுண்டீஸ்வரி அம்மாள். "மெஷின் இப்பவும் கோளாறா?"

"மெஷின் இப்ப நல்லாதாங்க இருக்குது" என்றாள் தையல்நாயகி.

பஞ்சநாதன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, என் பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நர்ஸு கையில குடுத்த கலரு இது. அவங்க அம்மா கலரு. வெயிலு குடுத்தது இல்ல. ரெண்டு மாசத்துல மாறாது, இருபது வருஷத்துலயும் மாறாது. மாத்துறதுக்கு எனக்கும் இஷ்டம் இல்ல." மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

முடிவை அவளிடமே விட்டார். நாற்பது நிமிஷ தூரத்தில் ஒரு வீடு. இப்படி இன்னொன்று அமையுமா என்று தெரியாது. அமையாமலும் போகலாம். சென்னையும் ஓசூரும்தான் மறுபடி வரும். அவள் அந்த ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் பெரிசு. காற்று நன்றாக வந்தது. இங்கே ஒரு மாதிரி வாழ்ந்துவிடலாம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு.

"போலாம்பா" என்றாள்.

தையல்நாயகி டீப்பாயின் மேல் வைத்த தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பழம், பூ, ஸ்வீட், எதையும் விடவில்லை. தட்சணாமூர்த்தி எழுந்து நின்று, "கொஞ்சம் காபியாவது..." என்று இழுத்தார். "நீங்க பேப்பரைப் படிங்க. நல்லா மடிச்சு வெச்சிருக்கீங்க" என்றாள் அண்ணி.

புருஷோத்தமன் கார் வரை ஓடிவந்தான். செருப்புகூடப் போடவில்லை.

"கலா, ஒரு நிமிஷம். இன்னும் ஒரு ரோல். இப்ப எனக்கு கரெக்ட்டா தெரியும். மூணுக்கு மேல ஒரு புள்ளிகூட வெக்க மாட்டேன். உங்க கலர் எப்படி இருக்குதோ அப்படியே வரும். நானே அம்மாகிட்ட காட்டுறேன்."

"எதுக்குங்க? அவங்க இப்பதானே நேர்ல பாத்தாங்க."

"இல்ல, அவங்க பழைய காலத்து மனுஷி. கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். அடுத்த படத்துல நாலு வெக்கிறேன், அதுக்கடுத்து மூணு..."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது போல. நிறுத்திக்கொண்டான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் கோபப்பட்டிருக்கலாம். இது தவணை முறையில் உண்மை பேசுகிற ஆள். கோபப்படுகிற அளவுக்குக்கூட அங்கே ஒன்றும் இல்லை.

அவள் கார்க் கதவைச் சாத்தினாள்.

சாலைக்கு வந்ததும் அழுகை வந்தது. மறைக்காமல் அழுதாள். முன் சீட்டில் பஞ்சநாதன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தையல்நாயகி ஸ்வீட் டப்பாவைத் திறந்து ஒரு மைசூர்பாகை எடுத்து அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

"நல்ல நெய்யி. அவங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

அழுகைக்கு நடுவில் சூர்யகலா அதைத் தின்றாள். ஒன்று தின்று, இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. அவன்தான்.

'அம்மா கொஞ்சம் சமாதானமாயிட்டாங்க. காலையில எட்டு மணி வரைக்கும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல உப்பளத்துக்குப் போனா பரவால்லன்னு சொல்றாங்க. நடுவுல மட்டும் வேணாம். ஓகேவா?'

அவள் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். பஞ்சநாதன் முதல்முறையாகத் திரும்பினார்.

"எட்டு மணிக்கும் அஞ்சு மணிக்கும் நடுவுலதானே உப்பே எறங்குது?"

"அதை அவருகிட்ட ரெண்டு மணி நேரம் சொன்னேம்பா."

முன் சீட்டில் டிரைவர் முதலில் சிரித்தார். அப்புறம் அண்ணி. சூர்யகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைசூர்பாகு ஒட்டிய விரலாலேயே பதில் எழுதினாள். இரண்டே வரி.

'மனுஷி கருப்பு, உப்பு வெள்ளை, அது ரெண்டும் அப்படியே தெரியற ஒருத்தருக்குத்தான் நான் சரிப்படுவேன். உங்களுக்கு வேற நல்ல இடமா அமையட்டும்.'

அனுப்பிவிட்டு, அவன் எண்ணை நீக்கினாள். டப்பாவை அப்பா பக்கம் நீட்டினாள்.

"சுகர் இருக்குதும்மா" என்று சொல்லிக்கொண்டே பஞ்சநாதன் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.